மலைநாட்டுப் பெண்களும் மறைந்து வரும் நோயும்

இலங்கையின் மத்திய மலைநாட்டு வரலாறு பெரும்பாலும் இரண்டு செடிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கின்றது. முதலில் கோப்பி, அதனை இலைநோய் அழித்த பின்னர் தேயிலை. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டதையும், 1869ஆம் ஆண்டில் கோப்பியிலைகளில் செந்தூள் படிந்ததையும் பள்ளி மாணவர்களும் அறிவர். அச்செடிகளுக்கிடையே குனிந்தும் நிமிர்ந்தும் உழைத்த மனித உடல்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. எந்த நோய் அவ்வுடல்களை வருத்திற்று, எந்த நோயை ஆட்சியாளர் கண்டனர், எந்த நோய் எவர் கண்ணிலும் படாது போயிற்று என்பனவெல்லாம் அவ்வரலாற்றின் பக்கங்களாகும். சூலகப் புற்றுநோய் எனப்படும் பெண்களின் நோய் இன்று உலகெங்கும் பேசப்படுகின்றது. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் அதற்குரிய விழிப்புணர்ச்சியையும் தொண்டையும் வளர்க்க விரும்புவோர், முதலில் இப்பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தல் நலம்.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகப் பலரை மாய்த்தன. எஞ்சி வந்தோர் குளிர் மிகுந்த மலைகளிலே லயங்களில் அடைபட்டு மீண்டும் நோயுற்றனர். இத்துன்பங்கள் குறித்து எழுந்த கண்டனங்களின் பயனாக 1872ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன; வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் எழலாயின. 1897ஆம் ஆண்டில் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் வந்தது. 1912ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைகள் சட்டம் விரிவாகத் திருத்தியமைக்கப்பட்டது. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், மண்டபம் முகாமிலே தடுத்து வைத்துச் சோதிக்கப்படாமல் தொழிலாளர் எவரும் மலைநாட்டை அடைதல் அரிதாயிற்று. 1916ஆம் ஆண்டில் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தோட்டங்களில் ஆரம்பமாயிற்று. வெறுங்காலோடு மண்ணில் நடந்தோரின் இரத்தத்தை உறிஞ்சிச் சோகையையும் சோர்வையும் உண்டாக்கிய புழு அது.

இம்முயற்சிகளால் பல்லாயிரம் உயிர்கள் காக்கப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இவற்றினூடே ஒரு பொது இயல்பு தென்படுகின்றது. பிறருக்குப் பரவக்கூடிய நோயும், வேலையை நிறுத்தக்கூடிய நோயுமே விரைவாகக் கவனிக்கப்பட்டன. வாந்திபேதி லயத்திலிருந்து பங்களா வரை செல்லக்கூடியது. சோகை பிடித்தவனால் முள்ளுக் குத்த இயலாது. ஆகவே அவற்றிற்குச் சட்டமும் பணமும் கிடைத்தன. ஒருவருக்கும் தொற்றாமல், வேலையையும் உடனே நிறுத்தாமல், ஒரு பெண்ணின் வயிற்றுக்குள்ளே மெல்ல வளரும் நோயைக் கணக்கில் எடுப்பதற்குத் தோட்ட நிருவாகத்தில் எந்த ஏடும் இருக்கவில்லை.

பெண்ணின் உடல் தோட்டத்தின் கவனத்துக்கு வந்தது பேறுகாலத்தின் வாயிலாகவே. கொழுந்து பறிப்பதில் பெண்களின் விரல்களே முதன்மை பெற்றமையால், தாயையும் சேயையும் பேணவேண்டிய அவசியம் நாளடைவில் உணரப்பட்டது. பிரசவ அறைகள் வந்தன, மருத்துவிச்சிகள் வந்தனர், தாய்மார் மலைக்குச் சென்ற வேளையிற் குழந்தைகளைப் பார்க்கப் பிள்ளைக் காம்பராக்கள் வந்தன. 1939ஆம் ஆண்டில் மகப்பேற்று உதவிச் சட்டம் நிறைவேறிற்று. பிற்காலத்தில் அரசாங்கத்தின் மருத்துவ மாதர் லயங்களுக்கு வந்து கர்ப்பிணிகளைப் பதிந்து, எடை பார்த்து, தடுப்பூசிக்கு நாள் குறித்தனர். இது மலைநாடு பெற்ற பெரும் பேறுகளில் ஒன்று. எனினும், பிள்ளைப்பேறு முடிந்து குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சையும் செய்துகொண்ட ஒரு பெண், அதன்பின் மருத்துவ மாதின் படியேறுவதற்குக் காரணமொன்றும் இல்லாதவளாகி விடுகின்றாள். நாற்பத்தைந்து, ஐம்பது, அறுபது வயதில் அவள் வயிறு உப்பினால் அதனை எவரிடம் சொல்வது? இவ்வினாவிலேதான் சூலகப் புற்றுநோயின் கதை தொடங்குகின்றது.

உப்பிய வயிறென்றால் கர்ப்பம் என்று மட்டும் கருதும் வழக்கம் மலைநாட்டுக்கே உரியதன்று. மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்ற சம்பவமொன்று அமெரிக்க நாட்டின் கென்டக்கி மாநிலத்தில் 1809ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஜேன் டொட் குரோபோர்ட் என்னும் பெண்மணியின் வயிறு பெருத்துக்கொண்டே சென்றது. இரட்டைக் குழந்தைகள் என்று அயலார் எண்ணினர். மாதங்கள் கடந்தும் பேறு நிகழவில்லை. எப்ராயிம் மக்டவல் என்னும் வைத்தியர் வந்து பார்த்து, அது சூலகத்தில் வளர்ந்த கட்டி என்று கூறினார். அப்பெண்மணி ஏறத்தாழ அறுபது மைல் தூரம் குதிரையிலேறி அவ்வைத்தியரின் ஊரை அடைந்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில், நத்தார்த் தினத்தன்று, அவர் வயிற்றைத் திறந்து இருபத்திரண்டு இறாத்தலுக்கும் மேற்பட்ட எடையுள்ள கட்டி அகற்றப்பட்டது. அவர் உயிர் பிழைத்து இன்னும் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். வயிற்றைத் திறந்து செய்யப்படும் சத்திரசிகிச்சையின் வரலாறு இந்நிகழ்ச்சியிலிருந்தே புதிய திசையிற் சென்றதென்பர். அவ்வெற்றிக்கு வைத்தியரின் கத்தி எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் தன் உடலைப் பற்றி அப்பெண் சொன்னதை அவர் செவிகொடுத்துக் கேட்டமையுமாகும்.

சூலகங்கள் என்பன கருப்பையின் இருமருங்கிலும் அமைந்த, வாதுமைப் பருப்பளவான இரு சிறு உறுப்புகள். இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளே ஆழமாக மறைந்திருப்பதனால், அவற்றிலோ அவற்றையடுத்த கருக்குழாய்களிலோ தோன்றும் புற்றுநோய் நெடுங்காலம் வெளியே தெரிவதில்லை. உலகில் 2022ஆம் ஆண்டில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாண்டில் இதனால் மாண்டனர். நோய் சூலகத்துள் அடங்கியிருக்கும் நிலையிலேயே கண்டறியப்பட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர் என்று அமெரிக்கக் கணக்குகள் கூறுகின்றன. அது தொலைவான உறுப்புகளுக்குப் பரவிய பின்னரோ அந்த எண்ணிக்கை பத்துக்கு மூன்றாகக் குறைந்து விடுகின்றது. ஆகவே காலமே இந்நோயில் மருந்தாகின்றது.

இந்நோயின் அடையாளங்கள் யாவும் மிகச் சாதாரணமானவை. வயிறு உப்பியிருத்தல்; சிறிது உண்டதும் வயிறு நிறைந்து விட்டதாகத் தோன்றுதல்; அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி; அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர் கழிக்க வேண்டியிருத்தல். இந்நான்கும் எவருக்கும் எப்பொழுதாவது வரக்கூடியனவே. ஆனால் முன்பு இல்லாதிருந்து புதிதாகத் தோன்றி, ஏறத்தாழ நாள்தோறும் தொடர்ந்து, இரண்டு மூன்று வாரங்களாகியும் நீங்காதிருப்பின், ஐம்பது வயதைக் கடந்த பெண் அதனை வைத்தியரிடம் சொல்லியே ஆகவேண்டும். மாதவிடாய் நின்ற பின் குருதி காணுதலும், காரணமின்றி உடல் மெலிதலும் கவனிக்க வேண்டியனவாகும்.

இவ்வடையாளங்களை மலைநாட்டுத் தோட்டத்து வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தால், அவை எவ்வளவு எளிதாக மறைந்து போகக்கூடியவை என்பது விளங்கும். காலைப் பெரட்டுக்குப் பின் மலையேறும் பெண், கூடையின் கயிற்றைத் தலையிலே தாங்கி, சரிவிலே நின்று கொழுந்து பறிக்கின்றாள். இடுப்பு வலி அவளுக்கு நோயன்று. தொழிலின் ஒரு பகுதி. மலையிலே மலசலகூட வசதி அரிதாகையால், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியவள் அதனை வெளியே சொல்ல நாணித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றாள். பசியின்மையை அவள் உணவு மீதமாவதற்கு ஒரு வழியென்று கொண்டு தன் பங்கைப் பிள்ளைகளுக்கு வைக்கின்றாள். வயிற்று உப்புசத்தை வாயுவென்று கருதி இஞ்சியும் ஓமமும் கலந்து குடிக்கின்றாள். தோட்டத்து மருந்தகத்தில் ஒரு நாள் காத்திருந்தால் அந்த நாட்சம்பளம் போய்விடும். இத்தனை தடைகளையும் தாண்டி அவள் வாய் திறப்பதற்குள், நோய் வயிறெங்கும் பரவி நீர் கோத்துவிடக்கூடும்.

இதற்கு ஒரு சோதனை முறை இல்லையா என்று நேயர்கள் வினவலாம். அவ்வாறான முறையைக் காண உலகத்து அறிஞர் பெருமுயற்சி செய்தனர். பிரித்தானியாவில் 2001ஆம் ஆண்டில் தொடங்கி இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்றில், நோய்க்குறி இல்லாத பெண்களுள் ஒரு பகுதியினர் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனைக்கோ ஸ்கானுக்கோ உட்படுத்தப்பட்டனர். அதன் முடிவு 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அச்சோதனைகளால் இந்நோயினால் நிகழும் இறப்புகள் குறையவில்லை என்பதே அம்முடிவு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்னறியும் சோதனை சூலகத்தைக் காட்டாது. இலங்கைப் பாடசாலைகளில் 2017ஆம் ஆண்டு முதல் மாணவிகளுக்கு இடப்படும் தடுப்பூசியும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு உரியதே. ஆகவே, நோய்க்குறி உள்ள பெண் அதனைச் சொல்வதும், சொன்னதைப் பிறர் கேட்பதுமே இன்றைக்கு உள்ள முதற்கருவியாகும்.

இவ்வுண்மையை வைத்திய உலகம் ஏற்றுக்கொண்டதற்கும் பெண்களின் கூட்டு முயற்சியே காரணமாயிற்று. சூலகப் புற்றுநோய் ஓசையின்றிக் கொல்வது, முற்றிய பின்னரே அடையாளம் காட்டுவது என்றே நெடுங்காலம் மருத்துவ நூல்கள் கூறி வந்தன. நோயுற்ற அமெரிக்கப் பெண்கள் தமக்கிடையே ஒரு செய்திமடலை நடத்தி, தத்தம் அனுபவங்களை ஒருவருக்கொருவர் எழுதிவந்தனர். பார்பரா கொஃப் என்னும் பெண் வைத்தியரும் அவரது குழுவினரும் அச்செய்திமடலின் துணையோடு வினாப்பத்திரங்களை அனுப்பி, 1,725 பெண்களின் விடைகளைத் திரட்டினர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர், நோய் கண்டறியப்படுமுன்பே தமக்கு அடையாளங்கள் இருந்தன என்று எழுதியிருந்தனர். 2000ஆம் ஆண்டில் இவ்வாய்வு வெளியாயிற்று. 2007ஆம் ஆண்டில் அமெரிக்கப் புற்றுநோய் அமைப்புகள் ஒன்றுகூடி, மேலே சொன்ன அடையாளங்களை முறையாக அறிவித்தன. நோய் ஓசையின்றி வரவில்லை. ஓசை செவியிற் படவில்லை என்பது இவ்வாறு வெளியாயிற்று. 2013ஆம் ஆண்டு முதல் மே மாதம் 8ஆம் திகதி உலக சூலகப் புற்றுநோய் தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

பெண்களின் தொண்டினால் புற்றுநோய் வைத்தியம் வளர்ந்த வரலாறு தமிழருக்குப் புதியதன்று. மலைநாட்டுத் தொழிலாளரின் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழகத்திலேயே அதற்கு உயர்ந்த எடுத்துக்காட்டு உண்டு. புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சகோதரி 1923ஆம் ஆண்டில் புற்றுநோயினால் உயிர் துறந்தார். அத்துயரத்தைத் தம்மோடு புதைத்துவிடாது, புற்றுநோய்க்கெனத் தனி வைத்தியசாலை அமைக்க வேண்டுமென்று அவர் பல்லாண்டுகள் முயன்றார். தீராத நோய்க்கு வைத்தியசாலை எதற்கு என்று கேட்டோர் அக்காலத்திற் பலர். இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் புற்றுநோய் நிதி திரட்டப்பட்டது. 1952ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு யூன் மாதம் 18ஆம் திகதி, பன்னிரண்டு கட்டில்களோடு அடையாறு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அவருடைய மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனைப் பெருநிலையமாக வளர்த்தனர். பொதுமக்கள் அளித்த சிறு சிறு தொகைகள் அதன் கட்டடங்களிற் கலந்திருக்கின்றன.

இலங்கையிலும் அத்தகைய பெண்மணி ஒருவர் இருந்தார். கனடாவிற் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, 1896ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த டாக்டர் மேரி இரட்ணம் கொழும்பிலே பெண்களுக்கு வைத்தியம் செய்தார். 1930ஆம் ஆண்டில் அவர் இலங்கை மகளிர் சமித்தியை நிறுவி, கிராமப் பெண்களே தம் கிராமத்தின் சுகாதாரத்துக்குத் தொண்டு செய்யும் வழியை வகுத்தார். 1958ஆம் ஆண்டில் மக்சேசே பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனால் கிராமத்தின் வாயில் போன்று தோட்டத்தின் வாயில் திறந்திருக்கவில்லை. தோட்டம் தனியாருடைய நிலம். துரையின் அனுமதியின்றி வெளியார் உட்புகுதல் குற்றம். தொழிற்சங்கம் அமைக்க வந்த கோ. நடேசய்யர் துணி வியாபாரி போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது மலைநாட்டார் இன்றும் கூறும் செய்தி. கிராமத்திற்குச் சென்ற தொண்டர், லயத்திற்குச் செல்ல இயலாத நிலை அன்று இருந்தது.

அந்த வேலியையும் தாண்டிய ஒன்று உண்டு. அது பெண்ணின் குரல். நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, ஹட்டனைச் சூழ்ந்த தோட்டங்களிலே கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். எழுத்தறியாத பெண்களும் அப்பாடல்களைக் கேட்டுத் தம் உரிமைகளை உணர்ந்தனர். துண்டுப் பிரசுரத்தால் இயலாததைச் செவிவழிச் சொல் இயற்றிற்று. ஆகவே, விழிப்புணர்ச்சி என்னும் சொல் புதியதாயினும், மலைநாட்டில் அச்செயல் புதியதன்று. தப்பின் ஒலியால் செய்தி அறிவித்தும், மாரியம்மன் திருவிழாவிலும் காமன் கூத்திலும் ஊர் கூடியும் பழகிய மக்கள் அவர்கள்.

ஒருவருக்கொருவர் உதவும் மரபும் லயங்களில் வேரூன்றியதே. ஒரு வீட்டில் அடுப்பெரியாவிட்டால் அடுத்த காம்பராவிலிருந்து சோறு வரும். மரணம் நேர்ந்தால் மரண உதவிச் சங்கம் பணம் தரும். தோட்டமே திரண்டு வரும். போற்றத்தக்க மரபுதான். எனினும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. உயிர் பிரிந்த பின் திரளும் இவ்வுதவியில் ஒரு சிறு பங்கு, அப்பெண் உயிரோடிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்த நாட்களில் அவளுக்குக் கிட்டியிருந்தால், ஸ்கான் எடுக்கச் செல்லும் பஸ் கட்டணமும் அன்றைய சம்பள இழப்பும் ஒரு பொருளாக இருந்திரா. ஈமச் சடங்கிற்கு நிதி சேர்க்கத் தெரிந்த சமூகத்துக்குச் சிகிச்சைக்கு நிதி சேர்ப்பது இயலாததன்று.

அந்நிதியும் தொண்டும் சென்று சேர்வதற்குரிய நிலையங்கள் இன்று இலங்கையில் இருக்கின்றன. புற்றுநோய்ச் சங்கம் 1948ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1980ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 1996ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் நடத்தப்பட்டு வருகின்றன. முப்பத்தைந்து வயதான பெண்கள் அங்கே சென்று மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் சோதித்துக்கொள்ளலாம். அச்சோதனை சூலகத்தைக் காட்டாதெனினும், தன் உடலைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பெண்ணுக்கு அங்கே ஓர் ஆசனம் கிடைக்கின்றது. ஹட்டனையடுத்த டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட நூற்றைம்பது கட்டில்களைக் கொண்ட வைத்தியசாலை 2017ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது. கண்டியிலும் பதுளையிலும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. நாட்டின் பெரிய புற்றுநோய் வைத்தியசாலை, கொழும்பையடுத்த மகரகமவில் இருக்கின்றது.

ஆயினும் லயத்திலிருந்து மகரகம செல்லும் வழி வெறும் மைல்கணக்கன்று. சூலகப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சையும் மருந்தேற்றும் சிகிச்சையும் தேவைப்படும். மருந்தேற்றுதல் பொதுவாக மூன்று வாரங்களுக்கு ஒரு முறையாகப் பல தடவை நடைபெறும். ஒவ்வொரு தடவையும் பயணம். ஒவ்வொரு பயணத்திலும் சம்பள இழப்பு. வீட்டிலே பிள்ளைகள் அல்லது பேரப்பிள்ளைகள். வைத்தியர் எழுதிக் கொடுக்கும் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும்; வாயிலில் கேட்கப்படும் கேள்வி சிங்களத்தில் இருக்கும். பாதியிலே சிகிச்சையை விட்டுவிடும் பெண்ணை அறியாமையுடையவள் என்று பழிப்பது எளிது. அவளுடன் பஸ்ஸில் ஏறிச் செல்வதுதான் தொண்டு.

அத்தொண்டினைச் செய்வதற்குரியோர் தோட்டத்துக்குள்ளேயே இருக்கின்றனர். தொழிற்சங்கங்களின் மாதர் தலைவிகளும், மருத்துவ மாதரோடு இணைந்து செயற்படும் தாய்மார் குழுக்களும், பிள்ளைக் காம்பராவைப் பார்க்கும் பெண்களும், தோட்டத்திலே பிறந்து இன்று ஆசிரியைகளாகவும் தாதியராகவும் விளங்கும் புதல்வியரும் அவர்களே. அவர்கள் வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை. நான்கு அடையாளங்களையும் தெளிவாகச் சொல்லத் தெரிந்தாற் போதும். ஒரு பெண் குறை சொன்னால், அது எத்தனை நாளாக இருக்கிறதென்று நாட்காட்டியிற் குறித்து வைக்க உதவலாம். வைத்தியரிடம் சென்று, வயிற்றுக்கு மருந்து மட்டும் பெற்றுத் திரும்பாது, சூலகத்தைச் சோதிக்க வேண்டுமா என்று கேட்பதற்குத் துணை நிற்கலாம். தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ வந்த குடும்பங்களில் இக்கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். கடிதத்தைப் படித்துக் காட்டலாம். சிகிச்சை நாளில் அவளது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். தலைமயிர் உதிர்ந்து திரும்பி வருபவளை முன்போலவே பெயர் சொல்லி அழைத்து அருகில் அமரலாம்.

தொண்டர் தவிர்க்க வேண்டியனவும் சில உள. அச்சத்தை விதைத்தல் ஆகாது. வயிறு உப்பும் பெண்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது புற்றுநோயன்று. அதனை உறுதிப்படுத்திக்கொண்டு நிம்மதியடைவதற்காகவே வைத்தியரை நாடச் சொல்கின்றோமென்பதை முதலிலேயே கூறவேண்டும். கருப்பையை அகற்றிக்கொண்டவளுக்கு இந்நோய் வாராதென்னும் எண்ணமும் பிழை. சூலகங்கள் எஞ்சியிருந்தால் வரக்கூடும். பிள்ளை பெறாமல் இருக்கச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவளும் இதற்கு முற்றிலும் விலக்கானவளல்லள். முற்பிறப்பின் பாவம் என்றும், ஒழுக்கக் கேட்டின் தண்டனை என்றும் கூறுவோரை அன்போடு திருத்தவேண்டும். இது தொற்றும் நோயுமன்று. ஒரே தட்டில் உண்பதால் எவருக்கும் வாராது.

மன்னார்ப் பாதையிலே மாண்டவர்களுக்காக 1872இல் ஒரு சட்டம் பிறந்தது. கொக்கிப்புழுவுக்காகக் கடல் கடந்து ஒரு நிறுவனம் வந்தது. பேறுகாலத்துக்காக மருத்துவிச்சி லயத்தின் வாசலுக்கு வந்தாள். சூலகப் புற்றுநோய்க்கும் அரசாங்கம் ஆற்றவேண்டிய கடமைகள் பல உண்டு; தமிழ் பேசும் வைத்திய ஊழியரும், அண்மையிலே ஸ்கான் வசதியும், சிகிச்சை நாளுக்குச் சம்பளமும் வேண்டுமென்று கேட்பது நியாயமே. அவை வரும்வரை காத்திராது இன்றே தொடங்கக்கூடியதும் ஒன்று உண்டு. மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்து, கூடைகளை இறக்கிவைத்துப் பெண்கள் சிறிது இளைப்பாறும் நேரத்தில், முகம் வாடியிருக்கும் ஒருத்தியின் அருகே மற்றொருத்தி சென்று, "அக்கா, வயித்து வலின்னு அன்னைக்கும் சொன்னீங்களே, எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்பதே அது. அக்கேள்விக்கு விடை வரும்வரை அவள் பக்கத்திலேயே அமர்ந்திருப்பாளாயின், மலைநாட்டில் இத்தொண்டு தொடங்கிவிட்டதென்றே கொள்ளலாம்.